மூன்று வீச்சு, ஒரு நிறுத்தம்

அன்புள்ள கலைஞர்களுக்கு,

வணக்கம். நாடகம் முடிந்து, மேடையைக் கழற்றி, எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டோம். கடைசி நாள் இரவு பார்வையாளர்கள் முன்னால் நின்றபோது "எல்லாருக்கும் நன்றி" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. யாருக்கு, எதற்கு என்று சொல்லாத நன்றி பாதி நன்றிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டீர்கள். சரி, போடவில்லை. படிக்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒத்திகைக்கு முன்னால் உங்களை ஏழு மாலைகள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாடகத்தை எழுதி முடித்திருந்தேன். ஆனால் அதன் நடுவில் ஒரு காட்சி என்னை மிரட்டிக்கொண்டே இருந்தது. விற்றுவிட்ட வீட்டை, சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு பெண் கடைசியாக ஒரு தடவை பெருக்குகிறாள். எழுத்தில் இரண்டு வரி, மேடையில் ஆறு நிமிடம். பேச்சு கிடையாது. பாட்டு வைக்கலாமா, வாத்தியம் வைக்கலாமா, என்ன வெளிச்சம் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். நீங்கள் வந்து நாடகம், இசை, ஒரு கற்பனை எங்கிருந்து வருகிறது என்று எதையெதையோ பேசினீர்கள். அந்தப் பேச்சில்தான் அந்தக் காட்சி பிறந்தது.

முதல் நன்றி அந்தப் பாத்திரத்தை ஏற்ற நடிகைக்கும், அவரோடு வாதாடிய மூத்த நடிகருக்கும். இரண்டாம் மாலையில் நடிகை சொன்னது நினைவிருக்கிறது: "எனக்கு நடந்த ஓர் இழப்பை நினைத்துக்கொண்டால் அழுகை வருகிறது, ஆனால் மூன்றாம் நாள் அதே நினைவு வேலை செய்வதில்லை." மூத்தவர் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். "அழுகையை விடு, அறையைப் பெருக்கு. மூலையில் தூசி இருக்கிறது, அதை எடு" என்றார். அப்புறம்தான் விளக்கினார். ரஷ்ய நடிப்பு ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் ஒரு காலத்தில் நடிகரின் சொந்த நினைவிலிருந்து உணர்ச்சியைக் கிளப்பும் வழியைச் சொன்னவர்தான். 1938இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில், உடல் செய்யும் எளிய செயல்களுக்கே முதலிடம் கொடுத்தார். உணர்ச்சியைக் கூப்பிட்டால் வராது, செயலைச் சரியாகச் செய்தால் அது பின்னால் வந்து நிற்கும் என்பது மூத்தவரின் கட்சி. நடிகை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பெருக்கினார். நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

அப்போதுதான் மிருதங்கக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நடிகை மூன்று முறை பெருக்குகிறார், ஒரு கணம் நிற்கிறார். மறுபடி மூன்று வீச்சு, ஒரு நிறுத்தம். முதுகை நிமிர்த்துவதற்காக அவர் அறியாமலே எடுத்துக்கொண்ட இடைவெளி அது. "நாலாம் எண்ணிக்கை காலியாக இருக்கிறது" என்று மிருதங்கக்காரர் மெதுவாகச் சொன்னார். அந்த ஆறு நிமிடத்துக்கு நான் மாதக்கணக்கில் தேடிய தாளம் துடைப்பத்திலேயே இருந்தது. அதைக் காதில் வாங்கியவர் நீங்கள், ஐயா.

அந்தத் தாளத்தை நாங்கள் உடனே கெடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒத்திகையில் மூன்று வீச்சுக்கும் மிருதங்கம் வைத்தோம். கேட்க நன்றாக இருந்தது, துடைப்பம் காணாமல் போயிற்று. அடுத்து, காலியான நாலாம் இடத்தில் மட்டும் ஒரு தட்டு. அது அவர் பெருக்குவதற்கு யாரோ பதில் சொல்வது போல இருந்தது, அந்த வீட்டில் அவர் தனியாக இல்லை என்று ஆகிவிட்டது. மூன்றாம் தடவை நீங்கள் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டீர்கள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார். மேடை காலி. அப்போது உங்கள் விரல் மூன்று முறை தட்டியது, நின்றது. மறுபடி மூன்று, நின்றது. ஆளில்லாத வீட்டில் பெருக்கும் சத்தம் தொடர்ந்தது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நான் பள்ளியில் பாடமாகப் படித்ததோடு சரி. அதில் தண்ணுமை என்ற தோற்கருவியை வாசிப்பவருக்குச் சொல்லும் இலக்கணத்தில் 'ஆக்கலும் அடக்கலும்' என்று வருகிறது. மற்றக் கருவிகளில் குறைவதை நிரப்பவும் மிகுவதை அடக்கவும் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். நிரப்புவதை எல்லோரும் பயிற்சி செய்கிறோம். அடக்குவது என்றால் என்ன என்று உங்கள் உள்ளங்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு சிக்கல் வந்தது. வாத்தியக்காரர்களை நான் அரங்கத்தின் பின்பக்கத்தில், பார்வையாளர்களுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தேன். மேடைக்கும் அவர்களுக்கும் நடுவே ஏறக்குறைய 17 மீட்டர். மற்றக் காட்சிகளில் நடிகர்களின் கால்வைப்போடு தாளம் ஒட்டவே இல்லை. யார் மேல் தவறு என்று இரண்டு நாள் முகம் சுளித்துக்கொண்டோம். வயலின் வாசித்தவர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, 17 மீட்டரைக் கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். மிருதங்கக்காரர் காலைப் பார்த்து மிகச் சரியாகத் தட்டினாலும் மேடையில் இருப்பவர் காதுக்கு அது பிந்தித்தான் வரும். யார் மேலும் தவறில்லை, இடம்தான் தவறு. அந்தக் கணக்குக்கு நன்றி. இரண்டு பேருக்கு நடுவே வளரவிருந்த மனக்கசப்பை அது தீர்த்துவைத்தது.

வாத்தியங்களை மேடையின் ஓரத்துக்கே கொண்டுவந்தோம். பார்வையாளர் கண்ணில் பட்டால் மாயை கலையும் என்று நான் தயங்கினேன். தெருக்கூத்துப் பழக்கம் உள்ள நண்பர் எனக்குப் புரிய வைத்தார்: கூத்தில் மத்தளமும் பின்பாட்டும் ஆடுகளத்திலேயே இருக்கின்றன, யாருக்கும் எதுவும் கலைவதில்லை. 1928இல் பெர்லினில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டும் இசைக்குழுவைக் கண்ணுக்குத் தெரியும்படி மேடையிலேயே வைத்தார் என்று வேறொருவர் எடுத்துக்கொடுத்தார். என் பயம் போய்விட்டது.

பயம் போன இடத்தில் நிழல் வந்தது. மிருதங்கக்காரரின் நிழல் அந்தப் பெண் பெருக்கும் தரையில் நீளமாக விழுந்தது. ஒளியமைப்பாளரே, நீங்கள் அன்று ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. பக்கத்து விளக்குகளை உயர்த்தி, கோணம் மாற்றி, அந்த நிழலை மேடைக்கு வெளியே தள்ளும்வரை யாரையும் போக விடவில்லை. அதே அரங்கேற்று காதையில், தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்லியிருக்கிறது. மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு கொடுத்தவர்கள், நிழலையும் மறக்கவில்லை. பாராட்டுரைகளில் யாரும் உங்களைக் குறிப்பிடவில்லை. விழாத நிழலை யார் பார்த்துப் பாராட்டுவார்கள்? நான் பார்த்தேன்.

பாடகிக்கு என்ன சொல்வது? அந்தக் காட்சிக்காக பன்னிரண்டு வரிப் பாட்டை ஒரு மாதம் மெருகேற்றி வைத்திருந்தீர்கள். துடைப்பத்தின் சத்தத்தை இரண்டு நாள் கேட்டுவிட்டு, "இங்கே பாட்டு வேண்டாம்" என்று நீங்களேதான் சொன்னீர்கள். நான் சொல்லத் துணியாததைச் சொன்னீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும். அடுத்த காட்சியில் இரண்டே வரி வைத்துக்கொண்டீர்கள். அதற்கும் உங்கள் வழக்கமான ஐந்து கட்டையை விட்டு நாலு கட்டைக்கு இறங்கினீர்கள், நடிகையின் பேச்சுக் குரல் அந்தச் சுருதிக்கு அருகில் இருந்ததால். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை என்று பலர் என்னிடம் சொன்னார்கள். அந்தப் பாராட்டு உங்களுக்குரியது, இங்கே ஒப்படைக்கிறேன்.

ஐந்தாம் மாலையில் ஜப்பானிய நோ நாடகத்தைப் பற்றிப் பேசிய நடனக் கலைஞருக்கும் நன்றி. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நோ நடிகரும் நாடகாசிரியருமான ஸெயாமி, நடிகர் எதுவும் செய்யாத இடங்களே சுவையானவை என்று எழுதியதையும், ஒரு செயலுக்கும் அடுத்த செயலுக்கும் நடுவில் மனம் தளராமல் இருந்தால்தான் அந்தச் சுவை வரும் என்று அவர் நினைத்ததையும் நீங்கள் எழுந்து நின்று காட்டினீர்கள். ஒரு கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. அறையில் ஒருவரும் அசையவில்லை.

திரை இழுத்தவர், நாற்காலி சுமந்தவர்கள், ஒவ்வொரு மாலையும் பேசாமல் உட்கார்ந்து குறிப்பெடுத்த இளைஞர், உங்களுக்கும் என் வணக்கம். அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் இதில் பாதியை நான் மறந்திருப்பேன்.

நாடகம் நடந்த கடைசி நாளைப் பற்றி மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று நடிகை முடிக்கும் நேரத்தில் முதுகை நிமிர்த்தவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நாலாவது தடவையும் பெருக்கினார், துடைப்பத்தைச் சாய்த்தார், போய்விட்டார். எனக்குத் திக்கென்றது. ஓரத்தில் மிருதங்கக்காரரின் கையைப் பார்த்தேன். அது தொப்பியிலிருந்து மெதுவாக விலகியது. காலி மேடையில் நீங்கள் நாலு தட்டினீர்கள், ஐயா.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் நாடக நெறியாளர்