மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்: அந்தக் கரையில் வலை அறுந்தவன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பதிவைப் படித்தேன். பாம்பனில் அதைப் படிக்காதவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிற பையன்கூட, "உங்க அக்கா மகனாமே" என்று போனை நீட்டினான். இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுகிற நம் மீனவர்களுக்காக இரங்காத நெஞ்சு நெஞ்சே இல்லை என்று எழுதியிருந்தாய். நன்றாக வந்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மச்சான், அதாவது உன் அப்பா, அந்தப் பக்கம் பிடிபட்டுக் கிடந்த நாட்களில் அக்கா பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன் அடித்தால் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நான் ஒன்று கேட்டேன். அந்தக் கரையில், இலங்கைப் பக்கம், நம் படகுகளால் வலை அறுந்து நிற்கிற மீனவனைப் பற்றி எப்போதாவது எழுதுவாயா என்று. "இரக்கம் தானா வர்றது மாமா. வராத இடத்துல வா வான்னு கூப்பிடவா முடியும்?" என்றாய். போனில் பேசித் தீர்கிற விஷயமாக அது தெரியவில்லை. உன்னைப் போல் கேட்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ சொன்னதில் பாதி சரி. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மச்சானைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டவுடன் என் வயிறு பிசைந்ததே, அதை நான் யோசித்து முடிவு செய்யவில்லை. அன்றைக்கு அதே படகில் இருந்த மற்ற ஆட்களின் பெயரைக் கேட்டபோது அந்த அளவுக்கு வயிறு பிசையவும் இல்லை. அவர்கள் கூலிக்குப் போனவர்கள், அவர்கள் வீட்டிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி இருந்திருப்பாள். தெரிந்தும், மனசு அக்கா வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. இதற்காக யாரையும் திட்ட முடியாது. மனுஷ மனசு அப்படித்தான் செய்திருக்கிறது.

ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே, அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு.

2022 நினைவிருக்கிறதா? இலங்கையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று சாகிற நிலைமை வந்தபோது, மார்ச் மாதத்திலிருந்து அங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறி வந்தார்கள். படகுக்காரர்கள் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சுற்றிலும் கடல், நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. கைக்குழந்தையோடு நின்றவர்களைக் கடலோரக் காவல் படை போய்க் கூட்டிவந்து மண்டபம் அகதி முகாமில் விட்டது. அந்தப் படங்கள் போனில் வந்தபோது நம் பக்கம் அழாத வீடு இல்லை. "நம்ம சனம்பா" என்றார் மச்சான், கண் கலங்கி. நீயும் அன்றைக்கு எழுதினாய்.

அதே சனம்தான் மாப்பிள்ளை. மன்னார்க்காரன், யாழ்ப்பாணத்துக்காரன். திட்டில் நின்றபோது நம்ம சனம். அவன் கரையிலேயே நின்று, "உங்கட ரோலர் எங்கட வலையை வாரிக்கொண்டு போகுது" என்று நம் இழுவைப் படகைச் சொல்லும்போது மட்டும் எப்படி வேற்றாள் ஆகிவிட்டான்? ரத்தம் மாறவில்லை, பேச்சு மாறவில்லை. முதல் முறை அவனுக்கு இரங்க நமக்கு ஒரு காசும் செலவில்லை. இரண்டாவது முறை இரங்கினால் மச்சானின் விசைப்படகுக் கடன் கண்ணில் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

இரக்கம் "வராமல்" இருப்பது வேறு, வந்தால் என்னென்ன கூடவே வரும் என்று தெரிந்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரைச் சொல்வது நம் எல்லாருக்கும் கைவந்த கலை.

அமெரிக்காவில் டேரில் கேமரன் என்கிற உளவியல் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இதைச் சோதித்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். இரண்டு சீட்டுக்கட்டு வைப்பார்கள். ஒன்றிலிருந்து சீட்டு எடுத்தால், படத்தில் இருக்கிறவர் ஆணா பெண்ணா, என்ன வயசு என்று எழுதினால் போதும். மற்றதில் எடுத்தால் அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று உணர்ந்து எழுதவேண்டும். காசு கேட்கவில்லை, உதவி கேட்கவில்லை, சும்மா உணர்ந்தால் போதும். அப்படியும் பெரும்பாலும் ஜனங்கள் எடுத்தது முதல் கட்டைத்தான். சோகமான முகம் என்பதால் ஓடினார்கள் என்றும் சொல்ல முடியாது, சந்தோஷமான முகத்தைக் காட்டியபோதும் தவிர்த்தார்கள். அடுத்தவர் மனசுக்குள் போவது மெனக்கெடுகிற வேலை, அதில் நாம் கெட்டிக்காரர்களும் இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். "நீங்கள் இதில் கெட்டிக்காரர்" என்று சொல்லப்பட்டவர்கள் அந்தக் கட்டைக் கூடுதலாக எடுத்தார்கள். அதாவது கதவு பூட்டிக் கிடக்கவில்லை. தள்ளிப் பார்க்க அலுப்பு, அவ்வளவுதான்.

சரி, அந்த வலை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கரைக்காரர்களும் கூடுகிற கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, சிலுவைப்பாதை முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் அந்தக் கரைக்காரர் ஒருவர், என் வயசுதான். எனக்கும் நண்டு வலை, அவருக்கும் நண்டு வலை. பேச்சு அங்கே ஆரம்பித்தது. நூல் என்ன விலை, மிதவை எங்கே வாங்குகிறீர்கள், நீலக்கால் நண்டு கிலோ எவ்வளவுக்கு எடுக்கிறான் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு போனைத் திறந்து ஒரு படம் காட்டினார். கரையில் ஒரு குவியல். முதலில் பாசி என்று நினைத்தேன். பெரிதாக்கிக் காட்டினார். வலைதான். மேல்கயிறு மட்டும் முழுசாக இருந்தது. கண்ணியெல்லாம் பிய்ந்து, சேறும் சிப்பி ஓடுமாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. "இது ஒரு ராவு வேலை அண்ணை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அடகு வைத்து வாங்கிய வலை. யுத்தம் நடந்த காலமெல்லாம் கடலுக்குப் போகத் தடை, பாஸ், கெடுபிடி. 2009-க்கு அப்புறம்தான் நிம்மதியாக வலை போடலாம் என்று இருந்தார்களாம்.

அந்தக் குவியலைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது என்றால், அது நான் பெரிய மனசுக்காரன் என்பதால் இல்லை. நம் பக்கத்து விசைப்படகு கடலடியை வழித்து இழுக்கிற மடிவலையில் சிக்கி என் வலையும் அதே மாதிரி கரைக்கு வந்திருக்கிறது. அந்தச் சேற்று நாற்றம் எனக்குத் தெரியும். நண்டு வலை என்கிற ஒரு நூல் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டியது. இல்லாவிட்டால் நானும் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பேன்.

இந்த "நம்ம ஆள்" கணக்கு எவ்வளவு லேசாக மாறும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. மார்க் லெவைன் என்பவரும் சிலரும் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2005-ல் வெளியிட்டது. நீ கால்பந்துப் பைத்தியம், உனக்குப் பிடிக்கும். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களாகப் பார்த்து அழைத்து, உங்கள் அணியை ஏன் பிடிக்கும் என்று எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்து அடுத்த கட்டடத்துக்கு நடந்து போகும் வழியில் ஓடிவந்த ஒருவன் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவான். எல்லாம் ஏற்பாடுதான். அவன் மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் ஓடிப்போய்த் தூக்கினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலும் தாண்டிப் போய்விட்டார்கள். இது எதிர்பார்த்ததுதான். அப்புறம் வேறு சில ரசிகர்களை அழைத்து, அணியை விட்டுவிட்டு, கால்பந்து ஆட்டம் ஏன் பிடிக்கும் என்று எழுதச் சொன்னார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரனையும் தூக்கினார்கள்! ஒரு கேள்வியை மாற்றினார்கள், வேலி நகர்ந்துவிட்டது.

ராமேஸ்வரத்துக்காரன் என்று உன்னை நினைத்துக்கொண்டால் ஒரு வேலி. இந்தியன் என்றால் ஒரு வேலி. கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதிப் பார், அந்த நண்டு வலைக்காரர் தானாக உள்ளே வந்துவிடுவார். எந்த வேலிக்குள் நின்று எழுத ஆரம்பிப்பது என்பது உன் கையில்தானே இருக்கிறது?

அந்தச் சோதனையில் இன்னொன்றும் உண்டு. எந்த அணிச் சட்டையும் போடாத, சாதாரணச் சட்டைக்காரன் விழுந்தபோது, இரண்டாவது முறையும் அவனைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. வேலி நகர்ந்தது, ஆனால் அவன் வெளியேதான் கிடந்தான். இதைப் படித்தபோது எனக்கு நம் சின்னப்பாலத்துப் பெண்கள்தான் ஞாபகம் வந்தார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, புருஷன் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டு மூச்சடக்கிப் பாறையில் பாசி எடுக்கிறவர்கள். தீவுப் பக்கம் போனால் தேசியப் பூங்கா எல்லை என்று வழக்கு வரும். மீனவர் மீனவர் என்று நாம் முழங்கும் எந்தக் கூட்டத்திலாவது அவர்கள் பேர் வந்து கேட்டிருக்கிறாயா? கடலில் மூழ்கிப் பிழைக்கிறவள் "மீனவர்" கணக்கில் வரவில்லை, ஏனென்றால் அவளிடம் படகு இல்லை. இதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், இப்போது விட்டுவிடுகிறேன்.

உடனே நீ கேட்பாய்: அப்படியென்றால் எல்லாருக்காகவும் உருகச் சொல்கிறீர்களா மாமா, முடிகிற காரியமா? முடியாது. உருகுவதை நான் முழுசாக நம்புவதும் இல்லை. டேனியல் பேட்சன் என்கிற ஆய்வாளரின் குழு 1995-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. தீராத நோய் வந்த 10 வயசுச் சிறுமி ஒருத்தி, வலியைக் குறைக்கும் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள் என்று சொன்னார்கள். அவளுக்கு முன்னால் அவளைவிட அவசரமாகச் சிகிச்சை வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். அவள் மனசு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அவளைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். விலகி நின்று பாருங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். பார்த்தாயா? அதே இரக்கம், முகம் தெரியாத பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிட்டது. யார் கதை முதலில் காதில் விழுகிறதோ அவர்கள் பக்கம் தராசு சாய்கிறது.

அதனால்தான் எனக்கு நம் மூன்று நாள், நாலு நாள் ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதை. வாரத்தில் மூன்று நாள் மச்சான் மாதிரி விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போகலாம், நாலு நாள் என்னை மாதிரி நாட்டுப்படகுக்காரர்கள். 1970-களில் தமிழ்நாட்டுக் கரை நெடுக இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டு படகுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். 1983-ல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. இந்த நாள் பிரிப்பில் யாரும் யாரையும் நேசிக்கத் தேவையில்லை. மச்சானுக்கு என் மேல் பாசம் இருக்கிற வாரமும் என் நாள் என் நாள்தான், என்னோடு பேசாத வாரமும் அப்படியே. ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்காதே, அத்துமீறல் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் என் வலையைக் காப்பாற்ற ஒவ்வொரு ராவும் யாரோ ஒருவர் மனசு இளகவேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தக் கரைக்காரருக்கு நம்மிடம் அப்படி ஒரு நாள்கூட இல்லை. இழுவை மடியை இலங்கை 2017-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நம் மடி மட்டும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம் ஆட்களைச் சுடுவதும் மாதக்கணக்கில் அடைத்து வைப்பதும் படகை மடக்கி வைத்து மக்கவிடுவதும் அநியாயம்தான், அதில் உன்னோடு முழுசாக நிற்கிறேன். உன் பதிவில் ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. மச்சான் உள்ளே இருந்த நேரத்தில் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவும் மாட்டேன். வீட்டில் இழவு விழுந்த நாளில் பக்கத்து வீட்டுத் துக்கத்தை விசாரிக்கச் சொல்கிறவன் மனுஷனே இல்லை. இப்போது அவர் வந்து, கோழிக்குழம்பு ருசி பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார். இப்போது கேட்கலாம்.

நான் கேட்பது இதுதான். அழச் சொல்லவில்லை. அடுத்த பதிவில் அறுந்த வலைக்கு இரண்டு பத்தி கொடு. என்ன விலை, யார் கடன், எத்தனை மாத உழைப்பு என்று மச்சானின் படகுக்கு எழுதியதைப் போலவே கணக்காக எழுது. மச்சானுக்குக் கோபம் வரும். நான் பேசிக்கொள்கிறேன். அவருக்கும் தெரியாததில்லை, கரையோரத்தில் இறால் எப்படிக் கொழித்தது என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறவர்தானே அவர். இழுவை மடி இங்கே வழித்துப் போட்டதால்தான் அங்கே போகவேண்டி வந்தது என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன், இரண்டாவது டம்ளருக்கு அப்புறம்.

மாசியில் கச்சத்தீவுத் திருவிழா வரும். ராமேஸ்வரம் வேர்க்கோடு தேவாலயத்தில் பெயர் பதியவேண்டும், தாமதித்தால் படகில் இடம் கிடைக்காது. ஆதார் நகலையும் ஒரு போட்டோவையும் அனுப்பி வை. லீவையும் இப்போதே சொல்லி வைத்துவிடு, கடைசி நேரத்தில் மேனேஜர் விடவில்லை என்று கதை விடாதே. அந்த நண்டு வலைக்காரரிடம் நீ வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். நூறு கேள்வி வைத்திருக்கிறார், தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகளிடம் கேட்க.

அன்புடன்,
மாமா
பாம்பன்