மார்னர் போன கோடை: கோபத்தில் இருக்கும் ஒரு லீஃப்ஸ் ரசிகருக்கு

2025 ஆகஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

"12 மில்லியன் பெறுமதியான ஆளைக் குடுத்து 3 மில்லியன் ஆளை வாங்கியிருக்கிறாங்கள்" என்று எழுதியிருந்தீர். ரொறன்ரோவில் பாதிப்பேர் இந்தக் கோடை முழுக்க இதைத்தான் சொல்லித் திரிகிறார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அது பிழையான நாளின் மேல் விழுகிறது. ஜூன் 30 அன்று ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணி மிட்ச் மார்னரை வேகஸுக்குக் கொடுத்து நிக்கொலா ருவாவை வாங்கியது ஒரு சின்ன வெற்றி. தோல்வி அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

மார்னரின் ஆறு வருட ஒப்பந்தம் அந்த நாளோடு முடிந்தது. ஜூலை 1 மதியம் சந்தை திறந்ததும் அவர் எந்த அணிக்கும் போகலாம். லீஃப்ஸுக்கு ஒரு சதமும் வராது. 2025 கோடையின் விதிப்படி ஒரு வீரருக்கு எட்டு வருடம் கொடுக்க அவருடைய சொந்த அணியால்தான் முடிந்தது. மற்ற அணிகளுக்கு ஏழுதான் உச்சமாக இருந்தது. மார்னர் பெற்ற மொத்தம் 96 மில்லியன் டொலர். அதை எட்டால் பிரித்தால் ஆண்டுக்கு 12. ஏழால் பிரித்தால் 13.71. சம்பள வரம்புக் கணக்கில் (ஒரு அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சம்) வேகஸுக்கு ஒவ்வொரு வருடமும் 1.7 மில்லியன் மிச்சம். அதற்காகத்தான் அவர் ரொறன்ரோவின் தாளில் எட்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டு, உடனே வேகஸுக்கு மாற்றப்பட்டார். நிக்கொலா ருவா அந்த எட்டாவது வருடத்துக்கான விலை. மார்னருக்கான விலையாக அவரைப் பார்த்தால் கணக்கு எப்போதும் பிழைக்கும்.

ருவாவையும் குறைவாக எடை போட வேண்டாம். ஆறடி நாலங்குலம், வலக்கைச் சென்டர் (நடு முன்கள வீரர்), பெனால்டி கில்லில் (அணி ஆள் குறைந்து தடுக்கும் நேரத்தில்) நிற்பவர், 2023 இல் வேகஸோடு ஸ்டான்லி கோப்பை வென்றவர். ஆண்டுக்கு 3 மில்லியன், இன்னும் இரண்டு பருவம். மூன்றாவது லைனுக்கு (ஒன்றாக இறங்கும் மூன்று முன்கள வீரர்) இப்படி ஒரு சென்டரை ஜூலை 1 சந்தையில் தேடியிருந்தால் விலையும் கூடியிருக்கும், வருடங்களும் கூடியிருக்கும்.

சரி, விற்க வேண்டிய நாள் எது? மார்னருடைய சம்மதமில்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்ற விதி 2023 ஜூலை 1 அன்று உயிர்பெற்றது. பொது முகாமையாளர் கைல் டூபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டது அந்த வருடம் மே 19. அவருடைய இடத்துக்கு பிராட் ட்ரெலிவிங் வந்தது மே 31. கதிரையில் இருந்த முதல் மாதத்திலேயே, முந்தைய பருவத்தில் 99 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்தவரை விற்க எந்த முகாமையாளருக்கும் துணிவு வராது. அந்த ஒரு மாதம் போனபின் சாவி மார்னரின் கையில். 2024 கோடையில் ஒரு வருடம் மிச்சம் இருக்கையில் நீட்டிப்பும் இல்லை, விற்பனையும் இல்லை. 2025 மார்ச்சில் மார்னரைக் கொடுத்து கரோலினாவிடமிருந்து ரான்டனனை வாங்கும் பேச்சு எழுந்தது, மார்னர் சம்மதிக்கவில்லை என்று செய்திகள் வந்தன. அதைத் துரோகம் என்கிறீர். அந்த உரிமையை 2019 இல் எழுதிக் கொடுத்தது அணிதானே.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் மேல்மட்ட வருமான வரி 53.53 வீதம். நெவாடாவில் மாநில வருமான வரியே இல்லை. ஒரே 12 மில்லியன் இரண்டு ஊரில் ஒரே தொகை அல்ல. ரொறன்ரோ எந்தப் பேரத்துக்குப் போனாலும் இந்தச் சுமையோடுதான் போக வேண்டும்.

இனிக் காசு எங்கே போனது என்று பார்ப்போம், ஏனென்றால் "22 மில்லியன் விடுபட்டதே, ஒரு பெரிய ஆளையும் காணோமே" என்பது உம்முடைய இரண்டாவது கேள்வி. மார்னர் 10.9, சென்டர் ஜோன் டவாரஸ் 11, சேர்ந்து 21.9 மில்லியன் உண்மையில் முடிவுக்கு வந்தது. அதில் டவாரஸ் திரும்பி 4.4 இற்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார். வரம்பு 88 இலிருந்து 95.5 ஆக, 7.5 மில்லியன் ஏறியது. ஆக, கையில் புதிதாக வந்தது ஏறத்தாழ 25. இளம் விங்கர் (ஓர முன்கள வீரர்) மத்யூ நைஸ் 0.925 இலிருந்து 7.75 இற்குப் போனார்: கிட்டத்தட்ட 7. கோல்காவலர் (கோலி) ஜோசப் வோல் 0.77 இலிருந்து 3.67 இற்கு: 2.9. புதிதாக வாங்கிய ருவா 3, மச்செல்லி 3.425, ஜோஷுவா 3.25, மூன்று பேரும் 9.7. ராபர்ட்சன், லோரென்ட்ஸ் இருவருக்கும் சின்னச் சின்ன உயர்வு. மிச்சத்தில் ஒரு பகுதி, மார்ச்சில் வாங்கிய டிஃபென்ஸ் வீரர் கார்லோவுக்கும் சென்டர் லோட்டனுக்கும் முழுப் பருவச் சம்பளம்.

இதில் நைஸின் 7.75 ஐப் பற்றி முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 22 வயது, 29 கோல், 58 புள்ளி. ஜூலை 1 தாண்டியிருந்தால் வேறு அணி அவருக்கு ஓஃபர் ஷீட் (பழைய அணி அதே தொகையைக் கொடுக்காவிட்டால் இழப்பீட்டோடு ஆளை எடுத்துப்போகும் ஒப்பந்தம்) நீட்டியிருக்கலாம். இந்த வருட அட்டவணைப்படி 7.02 இற்கும் 9.36 இற்கும் இடைப்பட்ட ஷீட்டுக்கு இழப்பீடு ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவு (இளம் வீரரை எடுக்கும் ட்ராஃப்ட் உரிமை) மட்டும். அப்படிப்பட்ட வீரருக்கு அது மலிவு. போன ஓகஸ்டில் செயின்ட் லூயிஸ் எட்மன்டனுக்கு என்ன செய்தது? ப்ரோபெர்குக்கு 4.58, ஹாலோவேக்கு 2.29 மில்லியன். இரண்டு தொகையும் அடுத்த இழப்பீட்டுப் படியைத் தொடாமல் அளந்து போட்டவை. ஒரே நாளில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அதனால்தான் ஜூன் 29 அன்றே நைஸை ஆறு வருடத்துக்குக் கட்டிப்போட்டார்கள். வரம்பு அடுத்த பருவம் 104, அதற்கடுத்தது 113.5 என்று அறிவித்திருக்கிறார்கள். மூன்றாவது வருடத்தில் 7.75 என்பது இரண்டாம் லைன் ஆளின் சம்பளமாகத் தெரியும்.

டவாரஸின் ஒப்பந்தம் இந்தக் கோடையின் மிகச் சிறந்த வேலை. 38 கோல் அடித்தவர் இந்தத் தொகைக்கு வந்தது ஊர்ப்பற்று மட்டுமல்ல. சம்பளத்தின் ஒரு பகுதியைப் பின்னாளில் கொடுப்பதாக எழுதி வரம்புக் கணக்கைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கதவை லீக் 2025 ஒக்டோபரோடு மூடுகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவர் பிறந்தது செப்டம்பர் 20. ஜூன் 30 அன்று வயது 34, ஆகவே 35 தாண்டியவர்களுக்கான கடுமையான விதி இந்த ஒப்பந்தத்தில் படாது. நாலாவது வருடத்துக்கு முன் அவர் ஓய்வெடுத்தால் தொகை கணக்கிலிருந்து இறங்கிவிடும்.

மச்செல்லி சூதாட்டம்தான், ஆனால் பந்தயப் பணம் சின்னது. 2023-24 இல் அரிசோனாவில் 57 புள்ளி, அதில் 40 அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்). போன பருவம் யூட்டாவில் 55 ஆட்டத்தில் 18 புள்ளி. கடைசியில் வெளியே உட்கார்த்திவிட்டார்கள். கொடுத்தது ஒரு மூன்றாம் சுற்று. அணி பிளேஓஃபுக்கு (பருவ இறுதிக் கோப்பைச் சுற்று) போய், அவரும் 51 புள்ளி தொட்டால்தான் அது இரண்டாம் சுற்றாகும். அப்படி நடந்தால் ஒருவருக்கும் வலிக்காது. ஒரு வருட ஒப்பந்தம், சரிவராவிட்டால் கோடையில் கைகழுவலாம்.

ஜோஷுவா வேறு வகை. 2014 இல் லீஃப்ஸே ஐந்தாம் சுற்றில் எடுத்து, கையெழுத்து வாங்காமல் விட்ட ஆள். செயின்ட் லூயிஸில், பின்னர் லீஃப்ஸின் பயிற்றுநரான பெருபேயின் கீழ் ஆடியவர். வான்கூவரில் 2023-24 இல் 18 கோல். போன பருவம் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் தாமதமாக வந்து 7 கோல். பழைய ஜோஷுவா வந்தால் 3.25 மில்லியன் நல்ல விலை. வராவிட்டால் 2028 வரை கூடவே இருப்பார். இந்தக் கோடையில் எனக்கு உறுத்துகிற ஒப்பந்தம் இதுதான். டோமி, ஜோஷுவா, மச்செல்லி என்று மூன்றே கால் முதல் மூன்றே முக்கால் மில்லியன் வரையில் மூன்று விங்கர்கள் ஒரே அணியில் நிற்கிறார்கள். நல்ல விங்கரான நிக்கொலாய் ஈலெர்ஸ் ஜூலை 3 அன்று கரோலினாவுக்குப் போனது ஆண்டுக்கு 8.5 மில்லியனுக்கு. மூன்றைக் கூட்டிப் பாரும்.

அப்படி ஒருவர்தான் தேவை, ஏனென்றால் உண்மையான ஓட்டை அணியின் முதன்மைக் கோலடிப்பாளர் ஓஸ்டன் மத்யூஸின் வலப்பக்கத்தில் இருக்கிறது. மார்னரின் 102 புள்ளியில் 75 அசிஸ்ட். கோலை வேறு யாராவது அடிப்பார்கள். அந்தப் பாஸை யார் கொடுப்பது? இன்னொரு நட்சத்திர விங்கர் நீலாண்டரை மத்யூஸோடு போட்டால் டவாரஸின் லைன் வெறுமையாகிறது. டோமி பாஸ் கொடுப்பார், ஆனால் தன் முனையில் பக்கை (ஆடும் ரப்பர் தட்டை) தொலைப்பார். மச்செல்லிக்குக் கை இருக்கிறது, உடம்பு சின்னது. எதிரணியில் ஆள் குறையும் பவர் பிளேயில் சிக்கல் இன்னும் பெரிது: போன பருவத்தில் ஐந்து ஃபோர்வர்டுகளை (முன்கள வீரர்களை) வைத்து, மேலே நின்று இயக்கியவர் மார்னர். இப்போது அந்த இடம் டிஃபென்ஸ் வீரர் ரைலிக்குத் திரும்பும். ரைலியின் சுடுகைக்கு எதிரணி பயப்படாது. அதனால் பெனால்டி கில்லில் நிற்கும் நாலு பேரும் மத்யூஸின் பக்கம் நெருங்கி வருவார்கள். பெனால்டி கில்லில் மார்னர் விட்ட இடம் பரவாயில்லை. ருவா, லோட்டன், லோரென்ட்ஸ், ஜோஷுவா என்று அங்கே ஆள் தாராளம்.

தாராளம் என்பதே அடுத்த தலையிடி. என்.எச்.எல். ஒப்பந்தத்தில் இருக்கும் ஃபோர்வர்டுகள் 14 பேர். ஐஸில் இறங்குவது 12. இளம் வீரர் ஈஸ்டன் கவனை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மிஞ்சி நிற்பவர்களில் டேவிட் காம்ப் 2.4, யார்ன்குரோக் 2.1 மில்லியன். "கீழ்மட்ட அணியான மார்லீஸுக்கு அனுப்பினால் முடிந்தது" என்று நினைப்பீர். முடியாது. ஒருவரைக் கீழே அனுப்பினால் வரம்பிலிருந்து கழிவது குறைந்தபட்சச் சம்பளமும் 375,000 உம் சேர்த்து, அதாவது 1.15 மில்லியன் மட்டுமே. காம்ப் கீழே இருந்தாலும் ஏறத்தாழ 1.2 மில்லியன் மேலே நிற்கும், அதுவும் இரண்டு பருவத்துக்கு. அதோடு அனுப்பும்போது 24 மணிநேரம் வேவர்ஸில் (மற்ற அணிகள் இலவசமாக எடுக்கக்கூடிய பட்டியலில்) வைக்க வேண்டும். ஆகவே யார்ன்குரோக்கை, கடைசி வருடம் என்பதால், ஒரு பிந்திய சுற்றுத் தெரிவுக்காவது விற்றுவிடுவது நல்லது. ஒன்றும் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.

இப்படி மிச்சம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வரம்பு நாள்வாரியாகக் கணக்கிடப்படுகிறது. பருவத்தின் முதல் நாளிலிருந்து 1 மில்லியன் இடத்தைத் தொடாமல் வைத்திருந்தால், வீரர் மாற்றத்துக்கான மார்ச் 6 கெடு வரும்போது மிச்ச நாட்கள் நாலரையில் ஒரு பங்குதான். அப்போது ஆண்டுக்கு நாலரை மில்லியன் சம்பளம் வாங்குகிற ஆளை எடுத்துவரலாம். 2 மில்லியன் விட்டுவைத்தால் 9. ஒரு முதல் லைன் வலது விங்கருக்கு அது போதும். இந்தப் பருவத்திலிருந்து பிளேஓஃபில் இறங்கும் 20 பேரின் சம்பளமும் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பதால், காயப்பட்டவர் பட்டியலில் ஆளை ஒளித்துவைக்கும் பழைய வித்தை இனி எடுபடாது. நேர்மையாகச் சேமித்தவனுக்கே இடம் கிடைக்கும்.

ஆனால் அந்த மார்ச்சில் விலையாக எதைக் கொடுப்பது? நீர் கோபப்பட வேண்டிய இடம் இங்கேதான். 2025 இன் முதல் சுற்றுத் தெரிவு, டிஃபென்ஸ் வீரர் மக்கேப் வந்தபோது சிக்காகோவுக்குப் போனது, அது டூபாஸின் காலம். 2026 இன் முதல் சுற்றும் இளம் வீரர் ஃபிரேசர் மின்டனும் கார்லோவுக்காக பொஸ்டனுக்கு. 2027 இன் முதல் சுற்றும் இளம் வீரர் கிரெபென்கினும் லோட்டனுக்காக ஃபிலடெல்ஃபியாவுக்கு. பிந்திய இரண்டிலும் முறையே முதல் ஐந்து, முதல் பத்து இடத்துக்குப் பாதுகாப்பு (அந்த இடத்துக்குள் விழுந்தால் தெரிவு லீஃப்ஸிடமே நிற்கும்) உண்டு என்பது அணி மோசமாகத் தோற்றால் மட்டும் கிடைக்கும் ஆறுதல். லோட்டனின் பாதிச் சம்பளத்தையும் கார்லோவின் 15 வீதத்தையும் பழைய அணிகள் சுமப்பதால் விலை ஏறியது உண்மை. அப்படியிருந்தும் மூன்றாவது, நாலாவது லைனில் ஆடுகிற சென்டருக்கு ஒரு முதல் சுற்று அநியாயம். இனி யாராவது பெரிய விங்கரை விற்க முன்வந்தால் கேட்கப் போவது ஈஸ்டன் கவனைத்தான். ஜூன் 1 அன்று லண்டன் நைட்ஸோடு கனடிய இளையோருக்கான மெமோரியல் கோப்பை வென்று, தொடரின் சிறந்த வீரரானவர். அவரை விற்றால் அடுத்த மூன்று வருடத்துக்கு மலிவான சம்பளத்தில் மேலே வர இந்த அணியில் ஆளே இல்லை. விற்கக்கூடாது.

டிஃபென்ஸில் வலக்கையர் கார்லோ, டானெவ் இருவருமே தடுப்பாளர்கள். பக்கைக் கொண்டு ஓடுகிறவர்கள் இல்லை. ரீவ்ஸைச் சான் ஹோசேக்குக் கொடுத்து வாங்கிய த்ரன் இடக்கையர், ஏழாவது எட்டாவது ஆளாக நிற்பார். இந்தக் குறையை இந்தக் கோடையில் யாரும் தொடவில்லை.

கோலி அந்தோனி ஸ்டோலார்ஸின் கதை இன்னும் முடியவில்லை. போன பருவம் .926 சேவ் வீதம் (வந்த ஷொட்களில் தடுத்த பங்கு), சம்பளம் 2.5 மில்லியன், அடுத்த ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. ஒக்டோபரில் இன்னொரு நல்ல தொடக்கம் கொடுத்தால் விலை ஐந்தைத் தாண்டும். முழங்கால் சிகிச்சை, ஃபுளோரிடா தொடரின் முதல் ஆட்டத்தில் தலையில் விழுந்த அடி, இதெல்லாம் அவரையும் பேச்சுக்கு வரவைக்கும். முகாம் முடியுமுன் நாலு வருடம், நாலு மில்லியனுக்குள் முடிக்க வேண்டும்.

ஒக்டோபர் 8 மொன்றியலுடன் முதல் ஆட்டம். முதல் பவர் பிளே வரும்போது வலது அரைச்சுவர் (எதிரணி முனையின் பக்கப் பலகை) ஓரம் பக்கோடு யார் நிற்கிறார் என்று பாரும். நீலாண்டர் என்றால் பயிற்றுநர் பழைய கையிருப்பை இடம் மாற்றிப் பார்க்கிறார். மச்செல்லி என்றால் அந்த மூன்றாம் சுற்றுத் தெரிவை நம்பியே இறங்கியிருக்கிறார்கள், மார்ச்சில் பெரிய கொள்வனவு இருக்காது.

அன்புடன்,
உம்மைப் போலவே ஒரு லீஃப்ஸ் ரசிகன்