சுலுவுக்குப் பெயர் வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் அறுபது ஆண்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடரைப் பற்றி எழுதியதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கடைசிப் பத்திதான் உறுத்துகிறது. அந்தத் தொடரை ஒட்டி வந்த நூற்றுக்கணக்கான நாவல்கள் காபிக் கோப்பை, பனியன் மாதிரி விற்பனைச் சரக்கு என்று ஒரு வாக்கியம். ரசிகர்கள் தாங்களாக எடுத்த படங்கள் உரிமைத் திருட்டு, நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டிவிட்டது என்று இன்னொரு வாக்கியம். இவ்வளவு பெரிய சமாசாரத்தை இரண்டே வரியில் ஓரம் கட்டிவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, கடிதம் நீளும். வெட்டுவதாக இருந்தால் அடுத்த பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள்; மற்றதை விட்டுவிடுங்கள்.

நான் ரயில் தபால் பிரிவில், அதாவது ஆர்.எம்.எஸ்.ஸில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இரவெல்லாம் ஓடும் வண்டியில் நின்றபடி கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டுக் காலையில் சென்னையில் இறங்கினால், திரும்பும் வண்டி இரவில்தான். கூட வந்தவர்கள் ஓய்வறையில் படுத்துவிடுவார்கள். நான் மூர் மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். 1985-ல் அது எரிந்துபோகிறவரை என் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேதான் போயிற்று. ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய 'ஸ்டார் டிரெக்' கதைத் தொகுப்புகள், பாண்டம் நிறுவனம் போட்டவை, அட்டை கிழிந்த நிலையில் அங்கே கிடைத்தன. இப்படித் தொடரைக் கண்ணால் பார்க்கும் முன்பே விண்கப்பலின் கேப்டன் கர்க்கும் அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்பாக்கும் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். அப்புறம் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதைக் காட்டியபோது, "கதை இப்படி இல்லையே, புத்தகத்தில் வேற மாதிரி இருந்ததே" என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கினேன்.

வேறு மாதிரி இருந்ததற்குக் காரணம் உண்டு. தொடரின் முதல் கதை ஒளிபரப்பானது 1966 செப்டம்பர் 8. பிளிஷின் முதல் தொகுப்பு 1967 ஜனவரியிலேயே கடைக்கு வந்துவிட்டது. திரைக்கதைப் பிரதிகளை வைத்துக்கொண்டுதான் அவர் எழுதினார், சில சமயம் முந்தைய வரைவுகளை வைத்து. படப்பிடிப்பில் மாறிய வசனமும் தலைப்பும் அவர் கைக்கு வரவில்லை. ஹார்லன் எலிசனின் கதை ஒன்று உண்டு; கர்க் 1930-களின் நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்து, தான் காதலிக்கும் பெண் சாக வேண்டும் என்று தெரிந்துகொள்கிற கதை. அதில் பிளிஷ், எலிசனின் மூலப் பிரதியிலிருந்து கொஞ்சமும் ஒளிபரப்பான வடிவத்திலிருந்து கொஞ்சமும் எடுத்துத் தானாக ஒன்றைச் செய்திருக்கிறார். எனக்கு டி.வி.யில் வந்ததைவிட அதுதான் பிடிக்கும். பிளிஷ் வெறுமனே கூலிக்கு மாரடித்தவர் அல்ல. 1959-லேயே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கிய நாவலாசிரியர். பணத்துக்காகவும்தான் எழுதினார், யார் இல்லை என்றது? ஆனால் 1975-ல் இறக்கிறவரை விடாமல் எழுதினார். பன்னிரண்டாம் தொகுப்பை அவர் மனைவி ஜே.ஏ. லாரன்ஸ் முடித்துக் கொடுத்தார். வீட்டில் வீடியோ கேசட் இல்லாத காலம் அது. 79 கதைகளில் ஒன்றை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் மறு ஒளிபரப்புக்காகக் காத்திருக்க வேண்டும். நினைத்தபோது எடுத்துப் படிக்க இருந்தது இந்தப் புத்தகம்தான். காபிக் கோப்பை அந்த வேலையைச் செய்யாது.

ரசிகர்களின் பக்கத்துக்கு வருகிறேன். தபால்காரன் என்கிற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1967–68. இரண்டாம் பருவத்தோடு (சீசன்) அதை ஒளிபரப்பிய என்.பி.சி. தொலைக்காட்சி தொடரை நிறுத்திவிடும் என்று பேச்சு கிளம்பியதும், பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி நாடு முழுக்கக் கடிதம் எழுத ஆள் சேர்த்தார்கள். லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. கடைசியில் 1968 மார்ச் 1 அன்று கதை முடிந்ததும், தொடர் நிற்காது, தயவுசெய்து கடிதம் எழுதுவதை நிறுத்துங்கள் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்கு நன்றி சொல்லி மறுபடியும் கடிதங்கள் குவிந்தன! அந்த மூட்டைகளைப் பிரித்தவர்கள் ஸ்பாக்கை என்ன திட்டுத் திட்டியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

அதற்கும் சில மாதம் முன்பே, 1967 செப்டம்பரில், நியூயார்க்கில் இரண்டு பெண்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் இதழைத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊர் சிற்றிதழ்க்காரர்கள் செய்தது போலவே ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் செய்து, தபாலில் அனுப்பிய இதழ். ஸ்பாக்காக நடித்த லியோனார்டு நிமாய் முதல் இதழுக்கே கடிதம் எழுதினார். இந்த மாதிரி இதழ்களில் எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். 1976-ல் பாண்டம் நிறுவனமே ரசிகர்களின் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி. திருட்டுச் சொத்துக்கு வீட்டுக்காரரே முன்னுரை எழுதுவாரா?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். (நான் கொடுத்த தலைப்பு, நீங்கள் மாற்றினால் இந்த வரி புரியாது.) கப்பலை ஓட்டும் சுலுவுக்கு மூன்று பருவமும் ஒரே பெயர்தான், சுலு. முதல் பெயர் என்ன என்று திரையில் யாரும் சொல்லவில்லை. 1981-ல் பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட நாவலில் வோண்டா மெக்இன்டயர் அவருக்கு ஹிகாரு என்று பெயர் வைத்தார். மரபியல் படித்தவர், 1979-ல் தன் சொந்த நாவலுக்காக ஹ்யூகோ வாங்கியவர். பத்து வருஷம் அந்தப் பெயர் புத்தகங்களில் மட்டும் புழங்கியது. 1991-ல் வந்த ஆறாவது திரைப்படத்தில்தான், தன் சொந்தக் கப்பலுக்குக் கேப்டனாகிவிட்ட சுலு, "ஹிகாரு சுலு" என்று தன் வாயாலேயே சொல்கிறார். அதே கதைதான் கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவுக்கும். நியோட்டா என்ற அவருடைய முதல் பெயர் 1982-ல் வில்லியம் ராட்ஸ்லர் எழுதிய ஒரு துணைப் புத்தகத்தில் வந்தது; திரைக்கு வந்து சேர 2009 ஆயிற்று. கட்டுரையாளரும் "ஹிகாரு சுலு" என்றே எழுதியிருக்கிறார். தான் பனியன் என்று ஒதுக்கியதிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்திருக்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எல்லா நாவலும் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். கர்க் தெய்வம், மற்றவர்கள் பக்தகோடிகள் என்ற ரீதியில் ஓடும் சில நாவல்களை முப்பது பக்கத்திலேயே மூடி வைத்திருக்கிறேன். ஆனால் 2001-லிருந்து இருபது வருஷம், திரையில் கதை நின்றுபோன இடத்துக்கு அப்பால், பல ஆசிரியர்கள் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டு ஒரே தொடர்ச்சியாக எழுதினார்களே, அதைப் பற்றி ஒரு சொல்லாவது வேண்டாமா? பாத்திரங்கள் செத்தால் செத்ததுதான், கல்யாணம் ஆனால் ஆனதுதான். 2020-ல், பிற்காலத் தொடரின் கேப்டன் பிக்கார்டை வைத்துப் புதுத் தொடர் வந்து இந்த நாவல்களுக்கு ஒத்துவராத கதையைச் சொன்னது. புத்தகம் எழுதுபவர்கள் திரையை மீற முடியாது, அது ஒப்பந்தம். 2021-ல் டேட்டன் வார்டு, ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மாக் மூவரும் ஆளுக்கொரு நாவலாக மூன்று எழுதி, தாங்கள் வளர்த்த உலகத்தைத் தாங்களே முடித்துவைத்தார்கள். சத்தமில்லாமல் கைவிட்டிருக்கலாம், அப்படிச் செய்யாமல் வாசகனுக்கு முறையாக ஒரு முடிவு கொடுத்தார்கள். இதில் டேட்டன் வார்டு யார் தெரியுமா? பாக்கெட் புக்ஸ் தொழில்முறை அல்லாதவர்களுக்காக நடத்திய கதைப் போட்டியில் தேர்வாகி எழுத வந்தவர். 1998 முதல் வந்த அந்தப் போட்டித் தொகுப்புகளில் முதல் மூன்றிலும் அவர் கதை உண்டு. ரசிகன் எங்கே முடிகிறான், அங்கீகாரம் பெற்ற எழுத்தாளன் எங்கே ஆரம்பிக்கிறான் என்று கோடு போட்டுக் காட்ட முடிந்தால் காட்டட்டும். நம்மிடமும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பாத்திரங்களை வைத்து விக்கிரமன் நாவல் எழுதினார். அதை யாரும் பனியனோடு சேர்த்துப் பேசியதில்லை.

படங்களுக்கு வருவோம், என் கோபமெல்லாம் அங்கேதான். ஜேம்ஸ் காலி என்று ஒருவர். தொழில், எல்விஸ் பிரெஸ்லி வேடம் போட்டு மேடையில் பாடுவது. அதில் சம்பாதித்ததைப் போட்டு நியூயார்க் மாநிலத்தின் வடக்கே 'ஸ்டார் டிரெக்' கப்பலின் உட்புறத்தை அச்சு அசலாகக் கட்டினார். 2004 முதல் நண்பர்களோடு சேர்ந்து, நின்றுபோன தொடருக்கு நான்காம் பருவம் என்று படங்கள் எடுத்தார். காசு வாங்காமல் இணையத்தில் விட்டார். 2007-ல் வந்த படத்தில் சுலு வேறொரு பரிமாணத்தில் மாட்டிக்கொண்டு, முப்பது வருஷம் மூப்படைந்து, ஒரு மகளோடு திரும்பி வருகிறார். மூப்படைந்த சுலுவாக நடித்தவர் யாரோ அல்ல, அசல் தொடரின் சுலு ஜார்ஜ் டகேயே! அசல் தொடரில் அவருக்கு இப்படி ஒரு வேடம் கிடைத்ததே இல்லை. பாதிக் கதைகளில் "சரி, கேப்டன்" என்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அந்தப் படம் ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதுகளின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. நடிப்பில் சில இடங்களில் பள்ளிக்கூட ஆண்டுவிழா வாடை அடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். டகேய் வரும் இடங்களில் அடிக்காது.

கட்டுரையாளர் சொல்லும் வழக்கு 'ஆக்ஸனார்' என்ற வேறொரு படத்தைப் பற்றியது. அவர்கள் பொதுமக்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள், தொழில்முறை ஆட்களை அமர்த்தினார்கள், அந்தப் பணத்தில் ஸ்டூடியோவும் அமைத்தார்கள். 'ஸ்டார் டிரெக்' உரிமையை வைத்திருந்த சி.பி.எஸ்., பாரமவுண்ட் நிறுவனங்கள் இரண்டும் 2015 டிசம்பரில் வழக்குப் போட்டன. நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே ஓரளவு எடுத்தாளச் சட்டம் தரும் சலுகை) என்று வாதாட முடியாது என்று 2017 ஜனவரியில் நீதிபதி சொன்னார். ஜூரி முன் விசாரணை தொடங்குமுன் சமரசமாகிவிட்டது. நீதிமன்றம் முடிவு கட்டியது இந்த ஒரு படத்தின் விஷயத்தில், அதுவும் பாதி. இதில் எனக்கு 'ஆக்ஸனார்' மேல் அனுதாபம் கிடையாது. அடுத்தவர் சொத்தைக் காட்டி அவ்வளவு பணம் திரட்டினால் சொத்துக்காரர் கேட்கத்தான் செய்வார்.

ஆனால் அந்த ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2016 ஜூனில், எல்லா ரசிகர் படங்களுக்கும் அந்த இரண்டு நிறுவனங்களும் விதிகள் போட்டனவே, அதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். ஒரு கதை பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பகுதியாக எடுத்தால் மொத்தம் முப்பது நிமிடம், அதற்குமேல் தொடர்ச்சி கூடாது. ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் திரட்டக் கூடாது. யாருக்கும் சம்பளம் கூடாது. அசல் 'ஸ்டார் டிரெக்'கில் எப்போதாவது வேலை செய்தவர்கள் கலந்துகொள்ளவே கூடாது. பண விதிகளை நான் முழு மனதோடு ஏற்கிறேன். இன்னும் குறைத்து, கணக்கையும் பொதுவில் வை என்று சொல்லியிருந்தாலும் சரிதான். மற்ற இரண்டும் எதற்கு? அவற்றின்படி பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தச் சுலு படத்தை எடுத்திருக்கவே முடியாது. டகேய் அதில் தலைகாட்டவும் முடியாது. பணம் திரட்டிய குற்றத்துக்குப் படத்தின் நீளத்தை வெட்டுவது என்ன நியாயம்? 2013 முதல் 2017 வரை பதினோரு படம் எடுத்த இன்னொரு குழுவில், கப்பலின் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்தவர் அசல் ஸ்காட்டி ஜேம்ஸ் டூஹனின் சொந்த மகன். ஒவ்வொன்றும் அசல் கதைகள் அளவுக்கு நீளம். விதிகள் வந்த பிறகு அவர்கள் இன்னும் எடுப்பதாக இருந்ததைச் சுருக்கிக்கொண்டு கடையைக் கட்டினார்கள்.

காலி மட்டும் தப்பித்தார். அதே 2016-ல், டைகொண்டரோகா என்ற சிற்றூரில் வைத்திருந்த அவருடைய அரங்கத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட முறைப்படி உரிமம் கொடுத்தார்கள். கதை சொல்லத்தான் கூடாது; டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம். பனியனும் காபிக் கோப்பையும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று கட்டுரையாளர் யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
விழுப்புரம்.

பி.கு.: கட்டுரையில் உள்ள படத்துக்குக் கீழே 'கேப்டன் ஸ்பாக்' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் அவர் போட்டிருப்பது தொடரின் நீலச் சட்டை. தொடரில் அவர் கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரி, அறிவியல் பிரிவும் அவர் பொறுப்பு. கேப்டன் ஆனது 1982-ல் வந்த இரண்டாவது திரைப்படத்தில். அங்கே சட்டை சிவப்பு. திருத்தம் போடுவதாக இருந்தால் இதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.