சாயங்காலப் பேர் வைத்த குருவி

ஸ்கார்பரோ, கனடா
ஜனவரி 19

அன்புள்ள வசந்தா,

பொங்கலுக்கு முதல் நாள் உன் கடிதம் வந்தது. மூட்டுவலி தேவலை என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. ராத்திரி தைலம் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். குளிர்தான் இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

சனிக்கிழமையிலிருந்து உன்னிடம் ஒன்று சொல்லத் தவித்துக்கொண்டிருக்கிறேன். கொல்லைப்பக்கம் பறவைகளுக்குத் தீனி வைக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஒரு தட்டும், தொங்கவிட்ட குழாய் ஒன்றும். ரெண்டிலும் கறுப்புச் சூரியகாந்தி விதை. அன்று காலை மைனஸ் 18. காப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வழக்கம்போல சிக்கடீ வந்துபோய்க்கொண்டிருந்தது. கறுப்புத் தொப்பி போட்ட இத்தனூண்டு குருவி, எடை 11 கிராம் போல இருக்கும். நம் ரெண்டு அஞ்சு ரூபாய்க் காசை உள்ளங்கையில் வைத்துப் பார், அவ்வளவுதான். ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகும், ரெண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அலகால் தட்டித் தட்டி உடைக்கும், தின்றுவிட்டு அடுத்ததற்கு வரும். ராத்திரியில் உடம்புச் சூட்டைப் பத்து டிகிரிக்கு மேல் இறக்கிக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடிக்குமாம். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து விடிவதற்கு முன்பே தட்டை நிரப்பிவிடுகிறேன்.

திடீரென்று சிக்கடீ எல்லாம் விலகிவிட்டன. சிட்டுக்குருவிக் குரலைக் கொஞ்சம் கனமாக்கினாற்போல ஒரு சத்தம். அடுத்த நொடி தட்டு நிறைய மஞ்சள்! பருந்துதான் வந்துவிட்டதோ என்று பயந்துபோய் எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன், வசந்தா. ஈவினிங் குரோஸ்பீக். ஐந்து வருஷமாகப் புத்தகத்தில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பறவை.

நம் மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் கட்டுக்குட்டென்று இருக்கிறது. ஆணுக்குத் தலை கரும்பழுப்பு, அந்த நிறம் கழுத்தில் மெல்லக் கரைந்து வயிற்றில் மஞ்சளாகிவிடுகிறது. கண்ணுக்கு மேலே புருவம் தீட்டினாற்போல ஒரு மஞ்சள் பட்டை. இறக்கையில் வெள்ளைத் திட்டு. பெண் சாம்பல் நிறம், கழுத்தோரம் மட்டும் தங்கப் பூச்சு. எனக்கென்னவோ பெண்தான் அழகாகத் தெரிந்தது. அந்த அலகைச் சொல்ல வேண்டும். தந்த நிறத்தில், முகத்துக்குப் பொருந்தாத பருமன். செர்ரிக் கொட்டையையே உடைத்துவிடும் அலகு அது. சிக்கடீ மாதிரி எடுத்துக்கொண்டு ஓடுவதெல்லாம் கிடையாது. தட்டிலேயே சம்மணம் போட்டாற்போல உட்கார்ந்து, விதையை வாயிலேயே உருட்டி, உமியை ரெண்டு பக்கமும் வழியவிட்டுத் தின்றுகொண்டே இருந்தது. கீழே வெள்ளைப் பனி மேல் கறுப்பு உமி குவிந்தது.

தட்டில் ஐந்து. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு மானிடோபா மேப்பிள் மரம், குளிர்காலம் முழுக்க விதைக் கொத்துகள் காய்ந்து தொங்கும். அதில் இன்னும் ரெண்டு. இருபது நிமிஷம் இருந்துவிட்டு மொத்தமாக எழும்பிப் போய்விட்டன.

நான் ஃபீடர்வாட்ச் என்ற, தீனித் தட்டுக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். 1976இல் இந்த ஒன்டாரியோ மாகாணத்தில்தான் அது தொடங்கியது. 1987 முதல் அமெரிக்காவிலும் நடக்கிறது. வந்துபோனதை எல்லாம் கூட்டக்கூடாது, ஒரே சமயத்தில் கண்ணில் பட்டது அதிகபட்சம் எத்தனையோ அதைத்தான் எழுத வேண்டும். ‘ஈவினிங் குரோஸ்பீக், 7’ என்று எழுதும்போது கை நடுங்கியது, குளிரால் இல்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சின்ன வயதில் வடக்கே இருந்தபோது இந்தப் பறவை நூற்றுக்கணக்கில் வந்து ஒரு மூட்டை விதையையும் காலி பண்ணிவிட்டுப் போகுமாம், இவர்கள் துரத்துவார்களாம். சொல்லிக்கொண்டே இருந்தவர், “எங்கே உட்கார்ந்தது, காட்டு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டார். 1970க்குப் பிறகு இவற்றின் எண்ணிக்கை நூற்றுக்கு 92 பங்கு குறைந்துவிட்டது. அப்போது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளில் ஒரு புழு பெருகிக்கிடந்தது, குஞ்சுகளுக்கு அதுதான் சோறு. புழு அடங்கியதும் பறவையும் குறைந்தது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. வடக்கே காட்டில் விதை விளையாத வருஷத்தில்தான் தெற்கே இறங்கும். எந்த மரம் எங்கே காய்த்திருக்கிறது என்று பார்த்து, எந்தப் பறவை இறங்கும் என்று ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கம் மாதிரி எழுதி வெளியிடுகிறார்கள். ரான் பிட்டவே என்பவர் 1999இல் ஆரம்பித்துவைத்த பழக்கம். ஆக, எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதன் பசியால் வந்தது. அதை நினைத்துத்தான் மறுநாள் இன்னொரு மூட்டை வாங்கிவந்தேன்.

இதற்கு ஏன் சாயங்காலப் பேர் தெரியுமா? பொழுது சாய்ந்தால்தான் காட்டைவிட்டு வந்து பாடும் என்று 1820களில் யாரோ நம்பிவிட்டார்கள். உண்மையில் காலை வேளையில்தான் தட்டுக்கு வருகிறது. படித்ததும் நம் ஆறுமணிக் குருவி ஞாபகம் வந்துவிட்டது. அதற்காவது பேர் பொய் இல்லை, விடியும்போதும் பொழுது சாயும்போதும் சரியாகக் கூப்பிடும். ஒன்பதாம் வகுப்பில், ஐப்பசி மழையில் ஒன்று பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பறக்கமுடியாமல் விழுந்து கிடந்ததே! நீதான் உன் சாப்பாட்டுக் கூடையைக் காலிசெய்து அதன்மேல் கவிழ்த்தாய். பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று கூடை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து கோடியக்கரை வழியாகப் போகும் என்று அறிவியல் டீச்சர் சொன்னபோது நாம் ரெண்டு பேருமே நம்பவில்லை. பொழுது சாய்ந்து கூடையைத் தூக்கியதும் வேலிக் கருவைக்குள் புகுந்துவிட்டது. அந்த ஒரு சாயங்காலம் இல்லாவிட்டால் இந்த வயதில் நான் பனியில் நின்று தட்டு கழுவிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் உங்கள் தெருப்பக்கம் அதன் குரல் கேட்டதா? கொல்லைப் படியில் உட்கார்ந்து ஆறு மணிக்குக் கவனி. கேட்டிருந்தால் என்றைக்கு, எந்தப் பக்கம் என்று மறக்காமல் எழுது. இன்றைக்கும் விடியற்காலையில் தட்டை நிரப்பிவிட்டேன். சிக்கடீ மட்டும்தான் வந்தது.

உன்
கமலா