கல்லூரி நீதிமன்றத்தின் அருகே அமையட்டும்

ஆசிரியருக்கு,

டெல்டா மாவட்டங்களுக்கு அரசு சட்டக் கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை குறித்த செய்தியைப் படித்தேன். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாணவர்களுக்கு இது நெடுநாள் தேவை. ஆனால், இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஊருக்கு வெளியே புறம்போக்கில் கட்டிவிடக் கூடாது. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் களப்பயிற்சி கட்டாயம். ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரு வழக்குகளின் விசாரணையை நேரில் கவனித்துக் குறிப்பேடு எழுத வேண்டும். நீதிமன்றம் கூடுவது காலை 10.30-க்கு. ஊருக்கு வெளியே உள்ள கல்லூரியிலிருந்து பேருந்து மாறி 11.30-க்கு வரும் மாணவருக்கு வாய்தா தேதிதான் மிஞ்சும். குறுக்கு விசாரணையைப் பார்க்காமலே சீனியர் வழக்கறிஞரின் வழக்குக் கோப்பைப் பார்த்துக் குறிப்பேட்டை நிரப்புவார்கள்.

எனவே, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இடம் ஒதுக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளுக்கு, கல்லூரியிலேயே வாரம் இருமுறை இலவசச் சட்ட உதவி மையம் நடத்தலாம்.