அக்காவுக்கு, அந்தப் புழுவைப் பற்றி

அக்கா,

இன்று ஆகஸ்ட் 7. செவ்வாய்க் கல் ஒன்றில் பழைய உயிரின் தடயம் இருக்கலாம் என்று நாசா அறிவித்து 30 வருடம் ஆகிவிட்டது. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. என் போனை நீ எடுப்பதில்லை, ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று தெரியும். அதனால்தான் இங்கே.

அந்தக் கல்லைப் பற்றி நீ பேசிய மேடைதான் திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது. திரை நிறைய ஏஎல்எச் 84001. அண்டார்க்டிகா பனியில் 1984இல் கிடைத்த, இரண்டு கிலோகூட இல்லாத செவ்வாய்க் கல். அதற்குள் நெளிந்து கிடந்த புழு மாதிரியான ஒன்று. நீ குச்சியால் அதன் வளைவைத் தொட்டுக் காட்டினாய். உன் கை நிழல் அதன்மேல் விழுந்தது. நான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, "தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஓர் உயிருக்கு வேண்டியதெல்லாம் எப்படி அடங்கும்?" என்றேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "மேகத்தில்கூட யானை தெரியும்" என்றும் சேர்த்தேன். கூடமே சிரித்தது. நீ குச்சியைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாய். யாரோ விளக்கைப் போடும்வரை புழு மட்டும் திரையில் கிடந்தது.

மன்னித்துவிடு. யானையை மட்டும்.

கேள்வியில் தப்பில்லை. கார்பனேட் உருண்டைகள், மேக்னடைட் துகள்கள், கரிமச் சேர்மங்கள் என்று, அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்த நாசாவின் மெக்கே குழு காட்டிய ஒவ்வொன்றும் உயிரில்லாமலும் உண்டாகலாம். 'தனித்தனியாகப் பார்க்காதே, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே' என்பாய். சரி, எனக்கு அது அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை. நீ ஆராய்ச்சியை விட்டதற்கு அந்த ஒரு சிரிப்புதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய். வேறு காரணமும் இருந்தது. நாலு பேர் படிக்கும் இடம், எழுத மாட்டேன்.

போன செப்டம்பரில் செவ்வாயில் ஓடும் பெர்சிவரன்ஸ் ஊர்தி கண்ட அந்தச் சிறுத்தைப் புள்ளிப் பாறை பற்றி நேச்சர் இதழில் கட்டுரை வந்ததே, மூன்று முறை படித்தேன். புள்ளிகளின் கறுத்த விளிம்பில் விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட், வெளிறிய நடுவில் க்ரைகைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம். பூமியின் சேற்றில் இவற்றை நுண்ணுயிர்களும் உண்டாக்கும். உயிரில்லாமல் கந்தகம் அப்படி மாற நல்ல சூடு வேண்டும்; அந்தப் பாறை அப்படிச் சூடுபட்டதாகத் தெரியவில்லை. அவர்களும் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் போகவில்லை. முதல் முறை படித்தபோது, இது உயிராகவே இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். உனக்காகத்தான்.

அப்புறம், நீ அன்று திரையில் காட்டிவிட்டு விட்டுப்போன ட்ரான்ஸ்பரன்சி, அந்தப் புழுப் படத் தாள், என்னிடம் இருக்கிறது. அன்றே எடுத்தேன், தரவில்லை. காரணம் கேட்காதே. நேற்றுத்தான் அதன் அட்டைச் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் உன் கோழிக்கிறுக்கல்: 'அளவு கேட்டால் - முழு உயிர் இல்லை, உடைந்த துண்டாக இருக்கலாம்.'

பதில் உன் கையிலேயே இருந்திருக்கிறது. சொல்லியிருக்கலாமே அக்கா? பதிலை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் என்னை நிற்க வைத்தாய்?

தபாலில் அனுப்பவா, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறாயா?