அகேத் கூஃபு: திருப்பணி நிறைவு அறிக்கை

கல் வெட்டியவர்கள், இழுத்தவர்கள், படகு செலுத்தியவர்கள், ரொட்டி சுட்டவர்கள் என அனைத்துப் பணிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். அகேத் கூஃபு எனும் மன்னர் கூஃபுவின் பிரமிடுப் பணி நிறைவுற்றது. கீழே வரும் முழம் அரச முழம்: 7 உள்ளங்கை, 28 விரல், சுமார் 52 செ.மீ.

பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். ஏறிய கற்கள் சுமார் 23 லட்சம். சராசரியாகக் கல்லுக்கு இரண்டரை டன்.

அடித்தளத்துக்கு இவ்வளவு நாளா என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. மன்னரின் தந்தை ஸ்நெஃப்ருவுக்குத் தஹ்ஷூரில் கட்டியதை நினைத்துப் பாருங்கள். இளகிய தரை, உள்நோக்கிச் சாய்த்து வைத்த கல்வரிகள், 54 பாகைச் சரிவு. பளு ஏற ஏற உள்ளறைகள் வெடித்தன. தேவதாரு உத்தரங்களை முட்டுக் கொடுத்தும் பயமாக இருந்ததால், நடுவழியில் சரிவை 43 பாகையாகக் குறைக்க நேர்ந்தது. அதனால்தான் கீஸாவில் பாறை மேலேயே நின்றோம். கல்வரிகளையும் படுக்கை மட்டமாகவே வைத்தோம்.

நடுவில் இருந்த பாறை மேட்டை வெட்டி எறியாமல் பிரமிடுக்குள்ளேயே விட்டது பெரிய மிச்சம். ஆனால் மேடு குறுக்கே நிற்பதால் மூலைக்கு மூலை கயிறு பிடித்துச் சதுரத்தைச் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அளந்து, மூலைகளைத் தனியாக மடக்க வேண்டும். மட்டம் பார்த்ததும் சுற்றுத் தளத்தில் மட்டுமே. சுற்றி வந்து பார்த்தால் ஏற்றத்தாழ்வு 1 விரலைச் சற்றே தாண்டுகிறது. வடதிசைப் பிசகு ஒரு பாகையில் 15-இல் ஒரு பங்குக்கும் குறைவு.

சரிவுக் கணக்கு எளிது: 1 முழம் உயர்ந்தால் ஐந்தரை உள்ளங்கை உள்ளே. இதில் ஒரு வரிக்கு ஒரு விரல் பிசகினாலும் நான்கு விளிம்புகளும் உச்சியில் ஒரு புள்ளியில் சேராது.

உட்கற்கள் தெற்கே பக்கத்துக் குழியிலேயே வெட்டப்பட்டவை. ஓரங்கள் ஒழுங்கில்லை, இடுக்குகளில் கல்சில்லும் ஜிப்சம் காரையும் அடைத்திருக்கிறோம். முகப்புக்கல் விஷயம் வேறு: ஆற்றின் எதிர்க்கரையில் துராவில் வெட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இணைப்பில் காரை அரை மில்லிமீட்டர்தான். ஒட்டுவதற்கு என்பதைவிட, கல்லை வழுக்கிக் கொண்டுபோய்ப் பொருத்துவதற்கே அது உதவியது. ஆட்சியின் கடைசிக் காலத்திலும் படகுத் தலைவர் மெரெரின் குழு, சுமார் 40 பேர், பத்து நாளுக்கு இரண்டு மூன்று நடை துராக் கல் ஏற்றி வந்தது. வெள்ளம் வரும் மாதங்களில் கால்வாய் வழியே பணியிடத்தின் அருகிலேயே இறக்கினார்கள். வழியில் ரோ-ஷி கூஃபு என்ற படகுத்துறையின் பொறுப்பு அங்க்ஹாஃபுடையது.

இழுவையில் தண்ணீர் ஊற்றுபவரை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். காய்ந்த மணல் சறுக்குவண்டியின் முன்னால் குவிந்து தடுக்கும். அளவாக நனைத்தால் இழுக்கும் பலம் பாதி போதும். அதிகம் ஊற்றினால் சேறாகி மறுபடி கனக்கும்.

மேலே போகப் போகத்தான் கஷ்டம் என்பார்கள். கல் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. முதல் 58 முழத்திலேயே பாதிக் கல் அடங்கிவிட்டது. மன்னரின் அறைத் தளம் இருக்கும் 82 முழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது. உண்மையான சோதனை அந்த அறைதான்.

அஸ்வானிலிருந்து ஆற்றோடு மிதந்து வந்த கருங்கல்லுக்குச் செம்பு உளி பயன்படவில்லை. டோலரைட் எனும் கடினக் கல்லின் உருண்டையால் இடித்தும், மணல் தூவிச் செம்பு வாளால் தேய்த்துமே அறுக்க வேண்டும். மன்னரின் உடலுக்கான கல்பெட்டியில் வாள் ஆழமாக இறங்கி, பின்வாங்கி மீண்டும் அறுத்த தடம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஏறுவழியில் பெட்டி நுழையாது என்பதால் கூரை போடுமுன்பே உள்ளே வைத்தாயிற்று.

கூரைக்கு 9 கருங்கல் உத்தரங்கள், மொத்தம் சுமார் 400 டன். அவற்றின் மேல் ஐந்து வெற்றறைகள். எல்லாவற்றுக்கும் மேலே எதிரெதிராகச் சாய்த்த சுண்ணாம்புக்கற்கள் பளுவைப் பக்கங்களுக்குத் தள்ளுகின்றன. அப்படியிருந்தும் தெற்குச் சுவரை ஒட்டி ஒன்பது உத்தரங்களும் விரிசல் விட்டுள்ளன. விரிசலில் காரை பூசப்பட்டுள்ளது. கூரை நிற்கிறது.

பெரிய ஏறுமண்டபத்தில் அப்படி எதுவும் இல்லை. சுவரின் ஏழு அடுக்குகளும் ஒவ்வொன்றாக ஓர் உள்ளங்கை உள்ளே வருகின்றன. கூரைக்கற்களைச் சுவரில் வெட்டிய தனித்தனிப் பற்களில் மாட்டியிருப்பதால், சரிவில் ஒன்றின் பளு கீழுள்ளதன் மேல் சாயாது. இந்தத் திருப்பணியிலேயே மிகத் திறமையான வேலை இது என்பது குழுவின் கருத்து.

நிலுவை ஒன்று: பாறைக்கு அடியிலுள்ள அறை அரைகுறையாகவே நிற்கிறது, இனி தொடரப்படாது. ஏறுவழியை மூன்று கருங்கல் அடைப்புகள் மூடிவிட்டன. சாய்தளத்தின் கல்சில்லும் களிமண்ணும், கல் எடுத்த குழியிலேயே கொட்டப்பட்டன.

தெற்குப் பக்கக் குழியில் மன்னரின் தேவதாருப் படகு 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கப்பட்டுள்ளது. முன் பின், வலம் இடம் எது என்று துண்டுகளில் குறி போட்டிருக்கிறோம். கோப்பதற்குக் கயிறு போதும்.

திருப்பணிக்குழு